எவ்வளவு திரும்ப வேண்டும்?

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், மூடி கிழிந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு கார் கிடந்தது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்னும் ரேடியோ கார் அது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய உடல் பழுப்பேறியிருந்தது. பின்சக்கர டயர்களின் முட்களுக்கிடையே யாரோ ஒரு சிறுவன் ஓட்டிய மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பேட்டரியை இணைத்ததும் மோட்டார் ஓடியது. ஆனால் முன்சக்கரங்கள் நேராக நிற்கவில்லை. கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரைத் தொடாதபோதும் அவை இடமும் வலமுமாக நடுங்கிக்கொண்டேயிருந்தன, குளிர்காய்ச்சலில் பல் தந்தியடிப்பதைப் போல.

சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்னும் சிறிய கறுப்புப் பெட்டி. அடிப்பக்கத்து நான்கு நீளத் திருகுகளைக் கழற்றினால் அது திறந்துகொள்ளும். உள்ளே கட்டைவிரல் நுனியளவு மோட்டார் ஒன்று, அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் வெள்ளை நைலான் பற்சக்கரங்கள், ஒரு சிறு மின்சுற்றுப் பலகை, கடைசிப் பற்சக்கரத்தின் அச்சோடு சேர்ந்தே சுழலும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அதே பொருள்தான். அந்தக் குமிழ் பழசானால் திருகும்போது கரகரக்கும். இங்கே அதே கரகரப்பு சக்கரத்தின் நடுக்கமாக வெளிப்பட்டிருக்கிறது. உள்ளிருந்த கரித்தடத்தின் அழுக்கை கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் போக்கியதும் சக்கரங்கள் அடங்கி நேராக நின்றன.

ரேடியோ காரின் வரலாற்றை மோட்டார்களின், பேட்டரிகளின், உடல் வடிவங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அந்தச் சர்வோவைத் திறந்த நாளிலிருந்து எனக்கு அதன் மையம் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றிவருகிறது. தொலைவில் இருக்கும் ஒரு பொருளைக் கம்பியில்லாமல் ‘திரும்பு’ என்று ஏவுவது 19ஆம் நூற்றாண்டிலேயே கைகூடிவிட்டது. ‘இவ்வளவு திரும்பு’ என்று சொல்வதற்கு அதற்குமேல் அறுபது ஆண்டுகள் பிடித்தன. அந்த ‘இவ்வளவு’ கைவந்த பிறகே தரையில் ஓடும் ரேடியோ கார் ஓட்டத்தகுந்த பொருளானது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் நிகோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை விட்டு, அதைத் தொடாமலே திருப்பிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் தேதி அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 613,809. படகுக்குள் ரேடியோ அலையை உணர்ந்தது கோஹியரர் என்னும் சிறு குழாய். அதில் உலோகத்துகள்கள் தளர்வாகக் கிடக்கும்; அலை வந்து தாக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும்; அடுத்த அலையை உணர வேண்டுமானால் குழாயைக் குலுக்கியோ கவிழ்த்தோ துகள்களைப் பிரித்துவிட வேண்டும். ஆகவே படகுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அலை வந்ததா, வரவில்லையா. ஒவ்வோர் அலைக்கும் உள்ளிருந்த தட்டு ஒரு படி நகர்ந்து, சுக்கானை அடுத்த நிலைக்குக் கொண்டுபோனது. பார்த்தவர்கள் வியந்ததில் வியப்பில்லை. ஆனாலும் அந்தப் படகிடம் ‘கொஞ்சம் இடப்பக்கம்’ என்று சொல்ல வழியே இல்லை.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ. அவர் தம் கருவிக்கு டெலெகினோ என்று பெயரிட்டார். 1904இல் அதை ஒரு மூன்று சக்கர வண்டியில் பொருத்தி, இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து ஓட்டிப் பார்த்தார். 1906இல் பில்பாவோ துறைமுகத்தில் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் ஒரு படகை இயக்கிக் காட்டியதுதான் அதிகம் பேசப்படுகிறது. எனக்கு அந்த மூன்று சக்கர வண்டிதான் முக்கியம். ரேடியோ ஏவலுக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஓடிய வண்டிகளில் நமக்குத் தெரிந்தவரை முதலாவது அதுவே. அவர் தந்தி முறையை ஒட்டி யோசித்தார். எத்தனை துடிப்புகள் வருகின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கேற்ற செயலைக் கருவி தேர்ந்துகொள்ளும். ஏவல்களின் பட்டியல் நீண்டது. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அது படிக்கட்டுதான், சாய்தளம் ஆகிவிடாது.

அந்தப் படிக்கட்டிலேயே ரேடியோ கட்டுப்பாடு நெடுங்காலம் நின்றது. 1937இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் ‘கஃப்’ என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை ரேடியோ மூலம் பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கு பரவியபோது மாதிரி விமானங்களில் பரவலாக இருந்தது எஸ்கேப்மென்ட் என்னும் அமைப்பு: முறுக்கிவைத்த ரப்பர் நாடா, அதைப் படிப்படியாக விடுவிக்கும் ஒரு மின்காந்தம். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் வலப்பக்கம், விட்டால் நேர், மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை ஓட்டுபவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். 1955இல் ஜப்பானின் மசுதாயா நிறுவனம் ‘ராடிகான் பஸ்’ என்னும் தகரப் பேருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரேடியோ கட்டுப்பாடு கடையில் வாங்கும் பொம்மைக்குள் இறங்கிய தொடக்ககால நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. ஜப்பானில் இன்றும் ரேடியோ காரைச் சுட்ட மக்கள் வழங்கும் ‘ராஜிகான்’ என்ற சொல் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயராகப் பதிவானது. ஆனால் அந்தப் பேருந்தும் தான் அறிந்த நிலைகளுக்குள் ஒவ்வொன்றாகத் தாவியதே தவிர, அவற்றுக்கு இடையில் நிற்க அதற்குத் தெரியாது.

விமானமும் படகும் இந்தக் குறையோடு சமாளித்துக்கொண்டன; காரால் முடியவில்லை. நன்றாகச் சமநிலைப்படுத்திய மாதிரி விமானம், ஓட்டுபவர் கையை எடுத்துவிட்டாலும் தானே நேராகப் பறக்கும், சுற்றிலும் வெற்றுவெளி வேறு. படகு மெதுவானது, தண்ணீர் மன்னிக்கும். தரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு சிறு கார் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சுவரோ நடைபாதைக் கல்லோ இரண்டு மீட்டரில் இருக்கும். வளைவில் முழுதாகத் திருப்பினால் கவிழும், திருப்பாவிட்டால் மோதும். அதற்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏதோ ஓர் அளவு, அதுவும் நொடிக்கு நொடி மாறும் அளவு. மற்ற இரண்டையும்விடக் காருக்கு இவ்வளவு நாள் பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

அந்த அளவு 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வந்தது. டிரான்சிஸ்டர்கள் மலிவாகி, சிறு பெட்டிக்குள் அடங்கும் காலம் அது. டக் ஸ்ப்ரெங், டான் மேத்ஸ் ஆகியோர் உருவாக்கிய டிஜிகான் போன்ற கருவிகள் டிஜிட்டல் விகிதாசாரக் கட்டுப்பாட்டை மாதிரி விமானக்காரர்களிடம் கொண்டுசேர்த்தன. அதன் கருத்து மிக எளியது, எளிமையாலேயே அழகானது. டிரான்ஸ்மிட்டர் ஏறக்குறைய ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லி விநாடி நீண்டால் சக்கரம் நேர். 1 மில்லி விநாடியானால் ஒரு பக்கம் முழுத் திருப்பம், 2 மில்லி விநாடியானால் மறுபக்கம் முழுத் திருப்பம். இடையிலுள்ள ஒவ்வொரு நீளத்துக்கும் இடையிலுள்ள ஒரு கோணம் உண்டு. காருக்குள் இருக்கும் சர்வோ, தன் பொட்டென்ஷியோமீட்டரைக் கொண்டு ‘நான் இப்போது எங்கே நிற்கிறேன்’ என்று அறிந்துகொள்கிறது, வந்த துடிப்போடு ஒப்பிடுகிறது, வேறுபாடு இருந்தால் அது தீரும்வரை மோட்டாரை ஓட்டுகிறது. நொடிக்கு ஐம்பது முறை இந்த ஒப்பீடு நடக்கிறது. என் கிராஸ்ஹாப்பரின் நடுக்கத்துக்குக் காரணமும் இதுவே: அழுக்கேறிய பொட்டென்ஷியோமீட்டர் சர்வோவுக்குத் தன் நிலையைப் பற்றித் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது, சர்வோ ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கருவிகள் விமானக்காரர்களிடம் பழகிய சில ஆண்டுகளிலேயே கார்கள் வந்துவிட்டன. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து எல்-ஜி நிறுவனம் 1966இல் 1:12 அளவிலான, அதாவது உண்மைக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீளமுள்ள, ஃபெராரி 250எல்எம் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் வாங்கக் கிடைத்த முதல் மின்சார ரேடியோ கார் அதுவே என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து மார்டேவ் நிறுவனம் எஞ்சின் கார்களைச் செய்தது. ஜப்பானில் கியோஷோ 1970இல் டேஷ் 1 என்னும் எஞ்சின் காரை வெளியிட்டது.

அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் வேறொரு விளையாட்டின் வீழ்ச்சியிலிருந்து வந்தவர்கள். தடத்தில் பதித்த உலோக நாடாவிலிருந்து மின்சாரம் பெற்று, ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஸ்லாட் கார்கள் 1960களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பெரும் மோகமாக இருந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்த மோகம் சரிந்தது. ஸ்லாட் காருக்குத் திசை தடத்தாலேயே முடிவாகிவிடும். ஓட்டுபவர் விரலில் இருப்பது வேகம் மட்டுமே. ஆனால் அந்த வேகத்தை அவர்கள் விசையின் அழுத்தத்தால் நுணுக்கமாக அளந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ரோஜர் கர்டிஸ், லீ யுராடா ஆகியோரின் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்ஸ் ஸ்லாட் கார் துறையில் தொடங்கி, 1:8 அளவு ரேடியோ கார்களுக்கு மாறிய நிறுவனம். தடத்தைப் பிடித்து ஓடிய காரை அவர்கள் தடத்திலிருந்து அவிழ்த்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் எஞ்சின் கோலோச்சியதற்கும் இதில் காரணம் இருக்கிறது. 3.5 சி.சி. கொள்ளளவுள்ள சிறு எஞ்சின்கள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றின் கலவையில் ஓடின. அவற்றின் குளோ பிளக்கில் பிளாட்டினம் கலந்த ஒரு சிறு கம்பிச்சுருள் உண்டு. கிளப்பும்போது மட்டும் அதற்கு மின்சாரம் கொடுத்துச் சூடாக்கினால் போதும். அதன் பிறகு பிளாட்டினத்தின் தூண்டுதலால் மெத்தனால் வினைபுரிந்து அந்தக் கம்பியைத் தானே கனன்றுகொண்டிருக்கச் செய்யும். இப்படிப்பட்ட எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து போகும் கார்புரேட்டரை ஒரு சர்வோவால் மயிரிழை மயிரிழையாகத் திறக்கலாம். அதாவது எஞ்சின் காரில் திசையோடு வேகமும் அளவுக்கு வந்துவிட்டது. அக்காலத்து மின்சாரக் கார்களுக்கு வலிமையான பேட்டரியும் இல்லை, வேகத்தை இழையோட மாற்றும் எளிய வழியும் இல்லை. எஞ்சின் கார்களின் இன்னொரு பக்கம் சத்தம், எண்ணெய் வழிதல், மணிக்கணக்கில் ஊசித் திருகைச் சரிசெய்தல். ஆமணக்கெண்ணெய் எரியும் வாசனையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், ஆனால் குடியிருப்பு வாசலில் அதை யாரும் வரவேற்கவும் மாட்டார்கள்.

மின்சாரக் காரை வீதிக்கு வீதி கொண்டுசென்றது ஷிசுவோகா நகரத்து டமியா. 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய அந்த நிறுவனம், பின்னர் மர மாதிரிகளுக்கும், அங்கிருந்து பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் மாறியது. நிறுவனரின் மகன் ஷுன்சாகு டமியா, 1:12 அளவில் போர்ஷே 934 காரின் மாதிரியைச் செய்ய முனைந்தபோது, படங்களும் அளவுகளும் போதாமல், உண்மையான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். மேசைமேல் வைக்கும் அந்த மாதிரி 1976இல் வந்தது. அவ்வளவு செலவில் செய்த அச்சுகளுக்கு இன்னொரு பயன் வேண்டியிருந்தது. அந்த உடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் ரிசீவரும் அடங்க இடமும் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த ரேடியோ கட்டுப்பாட்டுப் பதிப்பு ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த 934இன் எண் 58001. அந்த வரிசையில் அதன் பிறகு வந்த கார்களுக்கும் 58 என்று தொடங்கும் எண்களே இடப்பட்டுவருகின்றன.

நுட்பமான மேசை மாதிரியிலிருந்து பிறந்த காருக்குச் சில குணங்கள் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டன. அது பெட்டிக்குள் பகுதிகளாகவே வந்தது. வாங்கியவரே சட்டங்களிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி எடுத்து, திருகி, கிரீஸ் தடவி, உடலுக்கு வண்ணம் பூசிக் காரை உருவாக்க வேண்டும். கடையில் ரிமோட் கார் என்று முழுதாக வாங்கும் பொம்மைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: செய்தவருக்கு அதைப் பிரிக்கவும் தெரியும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ பூட்டிய ஒரு சர்வோவை நான் பயமில்லாமல் கழற்ற முடிந்ததற்கு அந்த வடிவமைப்பே துணை.

1979இல் டமியா வெளியிட்ட ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் இரண்டும் காரைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணுக்கு இறக்கின. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மாற்றிக் கட்டிய கலிபோர்னியப் பாலைவன வண்டிகளின் உருவம் அவை. முன்சக்கரங்களின் சஸ்பென்ஷன் உண்மையான பீட்டிலில் இருப்பதைப் போலவே முறுக்குக் கம்பியோடு உலோகத்தில் அமைந்தது. ரேடியோக் கருவிகள் தண்ணீர் புகாத, கண்ணாடி போன்ற மூடியுள்ள பெட்டிக்குள் இருந்தன. அழகான கார்கள், விலையும் எடையும் அதிகம். 1984இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தபோது சிறுவர்களின் உண்டியல் சேமிப்புக்கும் இந்த விளையாட்டு எட்டியது. கிராஸ்ஹாப்பரின் அடித்தளம் தொட்டி போன்ற ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. பின்பக்கம் மோட்டாரும் கியர்பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே மேலும் கீழும் ஆடும், இரண்டு சுருள்வில்கள் அதைத் தாங்கும். பொறியியல் நோக்கில் முரட்டுத்தனமான அமைப்புதான். சிறு மேட்டில் ஏறினாலே பின்பகுதி துள்ளும். ஆனால் உடைவதற்கு அதில் அதிகம் இல்லை.

அதே 1984இல் அமெரிக்காவில் அசோசியேட்டட் வெளியிட்ட ஆர்சி10 நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றது. ரோஜர் கர்டிஸ் வடிவமைத்த அந்தக் காரின் அடித்தளம் பொன்னிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி. நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கின. எண்ணெய் நிரப்பிய நீண்ட ஷாக் அப்சார்பர்களுக்குள் எண்ணெயின் கெட்டித்தன்மையை மாற்றி, தரைக்கேற்ப மிருதுவாக்கலாம், இறுக்கலாம். பொம்மைக் கடையிலிருந்து வராமல் பந்தயத்துக்கென்றே பிறந்த மண்தரைக் கார் அது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த முதல் 1:10 மண்தரை உலகப் போட்டியில் கில் லோசி ஜூனியர் அதை ஓட்டி வென்றார். 1987இல் இங்கிலாந்தின் ரோம்ஸியில் தம் முதல் உலகப் பட்டத்தை வென்ற ஜப்பானிய இளைஞர் மசாமி ஹிரோசாகா, ஓய்வுபெறும் முன் பதினான்கு உலகப் பட்டங்களைச் சேர்த்தார்.

பந்தயம் வளர்ந்தபோது ‘எவ்வளவு’ என்ற கேள்வி காரின் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நுழைந்தது. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பால் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம்கொடுப்பது டிஃபரன்ஷியல். கிராஸ்ஹாப்பரில் இருப்பது சாய்ந்த பற்களுள்ள சிறு சக்கரங்களால் ஆனது; அதன் இயல்பு அச்சிலேயே முடிவாகிவிட்டது. காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தில் பணியாற்றிய இங்கிலாந்துக்காரர் செசில் ஷூமாக்கர் 1980 வாக்கில் பற்களையே விலக்கி, இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவில் சிறு எஃகுக் குண்டுகளை வைத்து அழுத்தினார். நடுவிலுள்ள ஒரு திருகை இறுக்கினால் இரு சக்கரங்களும் சேர்ந்தே ஓட முனையும். தளர்த்தினால் விருப்பம்போல் விலகும். மழை பெய்த தரைக்குக் கால் திருகு, காய்ந்த களிமண்ணுக்கு அரைத் திருகு என்று ஓட்டுநர் தம் விரலால் முடிவு செய்யலாம்.

இவ்வளவு முன்னேறியும் சாதாரண மின்சாரக் காரின் வேகம் மட்டும் எஸ்கேப்மென்ட் காலத்திலேயே தங்கியிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. என் கிராஸ்ஹாப்பரில் சக்கரத்தைத் திருப்ப ஒரு சர்வோ. வேகத்துக்கு இன்னொரு சர்வோ. இந்த இரண்டாவது சர்வோ செய்யும் வேலையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது எந்தக் கோணத்திலும் நிற்க வல்லது. ஆனால் அதன் கை போய்ச் சேர்வது ஒரு பலகையில் பதித்த சில செம்புத் தகடுகளின்மேல். முதல் தகட்டைத் தொட்டால் மின்சாரம், அதைத் தடுத்துக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போய்க் கார் மெல்ல ஓடும், அடுத்ததில் சற்று விரைவு, கடைசியில் முழு வேகம். மிச்ச மின்சாரம் முழுவதும் வெண்களிமண் பூசிய அந்த ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு அதைத் தொட்டேன். விரல் நுனியில் கொப்புளம் எழுந்தது. மெதுவாக ஓட்டும்போதுதான் அது அதிகம் கொதிக்கும் என்பதை அதன் பிறகே கணக்கிட்டுப் பார்த்தேன்.

மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 1980களில் பந்தயக்காரர்களிடமும், பிறகு எல்லோரிடமும் பரவியபோதுதான் இந்த வீண் தீர்ந்தது. அதில் நகரும் கை எதுவும் கிடையாது. டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தின் பங்குக்கேற்ப மோட்டார் ஓடும். துடிப்பின் நீளம் சக்கரத்தின் கோணத்தை முடிவு செய்ததைப் போலவே இங்கே மின்சாரத் துடிப்பின் நீளம் வேகத்தை முடிவு செய்கிறது. திசைக்கு 1960களில் கிடைத்த உரிமை, வேகத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்தது.

இனி, காற்றைப் பற்றி. என் காரோடு வந்த பெட்டியில் நகக்கண் அளவுள்ள இரண்டு கிரிஸ்டல்கள் இருந்தன. இரண்டிலும் மஞ்சள் பட்டை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறு அலையெண்கள் வழங்கின; ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். மஞ்சள் என்றால் 27.145 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரின் கிரிஸ்டல் அந்த அலையெண்ணில் அதிரும். ரிசீவரின் கிரிஸ்டல் அதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் தாழ்ந்து அதிரும், இரண்டின் வேறுபாட்டைக் கொண்டே ரிசீவர் தன் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும். இரண்டையும் மாற்றிச் செருகினால் கார் அசையாது. ஒரே மைதானத்தில் இரண்டு பேர் மஞ்சள் கிரிஸ்டல் வைத்திருந்தால் ஒருவர் கருவியை இயக்கிய நொடியில் மற்றவர் கார் தறிகெட்டு ஓடும். ஆகவே பந்தயத் திடல்களில் நிறத்துக்கொன்றாகக் கிளிப்புகள் மாட்டிய பலகை இருக்கும். அந்தக் கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். காற்று ஆறு கீற்றுகளாகப் பங்கிடப்பட்டிருந்தது. அந்தப் பங்கீட்டை ஒருவர் மீறினாலும் எவருடைய காரும் சுவரில் மோதலாம்.

2000களின் நடுவில் ஸ்பெக்ட்ரம் நிறுவனம் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைக் கொண்டுவந்தபோது இந்தப் பங்கீடு தேவையற்றதானது. அக்கருவிகள் தம் சமிக்ஞையை அகன்ற பட்டையில் பரப்பி அனுப்பின. அதன்பின் வந்த பல கருவிகள் நொடிக்குப் பலமுறை அலையெண்ணை மாற்றித் தாவுகின்றன. ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணை அறிந்துவைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புறக்கணிக்கிறது. அலையெண் தாவும் யோசனைக்கும் தொலைக்கட்டுப்பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942இல் பெற்ற காப்புரிமை, எதிரியால் குலைக்க முடியாதபடி டார்பிடோவை ரேடியோவால் வழிநடத்துவதற்கானது. போருக்கென்று யோசித்த அந்த வழி, இன்று இருபது பேர் ஒரே திடலில் நின்று கிளிப் எதுவும் இல்லாமல் ஓட்ட உதவுகிறது என்பதில் எனக்கு நிறைவு.

மோட்டார்களின் மாற்றத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரேடியோ கார்களில் பரவலாக இருந்த 540 வகை மோட்டார்களில் கரித்துண்டுகள் செம்பு உருளையை உரசி மின்சாரம் கொடுத்தன. அந்த உருளை தேய்ந்தால் பந்தயக்காரர்கள் அதற்கென்றே உள்ள சிறு கடைசல் எந்திரத்தில் மெல்லச் சீவி வழவழப்பாக்குவார்கள். கரித்துண்டில்லாத மோட்டார்களும் லித்தியம் பாலிமர் பேட்டரிகளும் இந்தச் சடங்குகளை முடித்துவைத்தன, வேகமும் பன்மடங்கானது. என் கவனத்தைக் கவர்வது வேகமல்ல, அதன் மறுமுனை. பாறைகளின்மேல் நத்தைபோல் ஊர்ந்து ஏறும் கிராலர் வகைக் கார்கள் இப்போது பரவியிருக்கின்றன. ஒரு கூழாங்கல்லின் விளிம்பில் டயரை நிறுத்தி, இன்னும் ஒரு விரற்கடை உருட்ட வேண்டுமானால் மோட்டாரின் காந்தம் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிய வேண்டும். அதற்காக மோட்டாருக்குள் உணரிகளை வைக்கிறார்கள். ‘நான் எங்கே நிற்கிறேன்’ என்று சர்வோவின் பொட்டென்ஷியோமீட்டர் சொன்னதை இப்போது மோட்டாரே சொல்கிறது.

டமியா 2005இல் கிராஸ்ஹாப்பரை மறுபடி வெளியிட்டது. ஆகவே என் காருக்கு வேண்டிய பல பாகங்கள் புதிதாகவே கிடைத்தன. ஊர் திரும்பியபோது அதையும் கொண்டுவந்தேன். உள்ளே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்துவிட்டேன்; கழற்றிய ரெசிஸ்டரும் மஞ்சள் கிரிஸ்டல்களும் ஒரு சிறு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. சக்கரத்தைத் திருப்பும் சர்வோவை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள். எட்டு வயது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வெற்று மனையில் இரண்டு செங்கல்லை நட்டு, அவற்றைச் சுற்றி எட்டுப் போலக் காரை ஓட்டச் சொன்னேன். முதலில் அவள் கட்டைவிரல் டிரான்ஸ்மிட்டரின் திருப்பும் கம்பியை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தள்ளியது. கார் வட்டமடித்துச் செங்கல்லில் இடித்து நின்றது, மறுபடியும் இடித்தது. ஆறாவது ஏழாவது முறையில் விரலின் அசைவு குறைந்தது. கம்பி ஓரத்துக்குப் போகாமல் வழியில் எங்கோ நின்றது. கார் அகலமான வளைவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு செங்கல்லைத் தொடாமல் சுற்றி வந்தது.

“மாமா, கொஞ்சமாத் தள்ளுனா கொஞ்சமாத்தான் திரும்புது” என்றாள், காரிலிருந்து கண்ணை எடுக்காமல். பேட்டரி தீர்ந்து கார் நிற்கும்வரை அவள் டிரான்ஸ்மிட்டரை என்னிடம் தரவில்லை.